கரடி அனுப்பும் கடல்

பெட்ரோஷானில் டிசம்பர்.
என் பால்கனிக்கும் எதிர் பிளாக்கின் மூன்றாம் மாடிக்கும் நடுவே
டோரின் இழுத்துக் கட்டிவிட்டுப் போன நீலக் கேபிள்
பனி கனத்துத் தொங்குகிறது.
அதன் வழியாகத்தான் ஒரு படம்
என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது,
சொட்டுச் சொட்டாக.

அனுப்புகிறவன் பெயர் கரடி.
கம்பியில் அவனுக்கு அவ்வளவுதான் பெயர்.
முகம் தெரியாது. கிழவனா,
பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பையனா, தெரியாது.
கேபிள் போய் முட்டும் இடத்தில்
மஞ்சளாய் எரியும் ஜன்னல்
அவனுடையதென்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.
அது அணைந்தால்
இன்றைக்கு இவ்வளவுதான் என்று படுத்துவிடுவேன்.

முழுக்க வரட்டும் என்று இருக்க முடியவில்லை.
உலை கொதிக்கும்போதே
இலை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.
சாம்பல் கோடு முன்னால் ஓட
பின்னால் துரத்தும் சின்னப் புள்ளி நான்.
ஆவுரெலுக்குச் சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட்.
இருந்திருந்தால் சொல்லியிருப்பான்,
"நீ ரொட்டியையே பாதி வேக்காட்டில் எடுப்பவள்."
எடுப்பேன்தான்.

ஒருத்தி துறைமுகத்தில் நிற்கிறாள், காலடியில் பெட்டி.
கப்பல் சதுரம் சதுரமாய் உடைந்து
மறுபடி ஒட்டிக்கொள்கிறது.
கடல் ஒரு கணம் பச்சை, ஒரு கணம் ஊதா.
பக்கத்தில் நிற்கும் மாலுமியிடம்
ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள்.
புள்ளி கோட்டைத் தொட்டுவிட்டது.

வாய் திறந்தபடியே நிற்கிறாள்.
பல் தெரிகிறது, கீழ்வரிசையில் ஒன்று கோணல்.

தேநீர் வைத்தேன்.
அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைத் தேய்த்தேன்.
எனக்கு நாலு நிமிடம் செலவானால்
அவளுக்கு இரண்டு நிமிடம் வரவு.
என்ன சொல்லப் போகிறாள்?
போகாதே என்றா? அவனைப் பார்த்தாயா என்றா?
பாத்திரத்தை மறுபடியும் தேய்த்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு
எதிர் ஜன்னல் அணைந்தது.

வீட்டுச் செருப்போடு பால்கனிக்கு ஓடினேன்.
கரடீ என்று கத்தலாமா?
ஊர் பேர் தெரியாத ஒருவனை
நடுராத்திரியில் எழுப்பி
முடிவை மட்டும் கொடுத்துவிட்டுத் தூங்கு என்று
எந்த வாயால் கேட்பது?
கேபிளில் இருந்து பனி ஒரு கட்டி
கீழே நின்ற யாருடைய கார்மீதோ விழுந்தது.
குளிர் பொறுக்காமல் உள்ளே வந்தேன்.

சாம்பல் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது.
நூற்றுக்கு எழுபத்தொன்று.
எழுபத்திரண்டு.

அப்படியானால் அது யாருடைய ஜன்னல்,
ஒரு வருஷமாய் நான் பார்த்துப் பார்த்து
உறங்கப் போனது?
எத்தனை இரவு,
வந்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் படுத்தேன்?
எதிரே இருக்கும் அத்தனை இருட்டில்
எந்த இருட்டுக்குள்ளோ ஒரு பெட்டி
முனகியபடி எனக்குக் கடல் அனுப்புகிறது.

ஓடவிட்டேன்.
அவள் வாய் மூடித் திறந்தது.
"மணி என்ன ஆகிறது?"
இதற்குத்தானா.

மாலுமி பையில் துழாவுகிறான்,
கடிகாரம் கிடைக்கவில்லை.
"பன்னிரண்டு அடிக்கப் போகிறது" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.