தலைமேல் ஊற்றக் கூடாது

சம்பளம் ஏறிய அன்று பெனிட்டா
லால்பாக் பக்கத்து நர்சரியில் இருந்து
அதை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள்.
மூன்று பட்டைப் பச்சைத் தண்டு,
உச்சியில் நாட்டுத் தக்காளி அளவு சிவப்பு உருண்டை.
"வீட்லதானே இருக்கீங்க, பாத்துக்கோங்க."
அதில் குத்தல் இல்லை.
குத்தல் இல்லை என்பதை
மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன்.

கம்மனஹள்ளியில் எங்கள் ஜன்னலுக்கு
ஏழரை மணிக்கு வெயில் வரும்,
எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி சம்மதித்தால்.
நேர் வெயில் சிவப்பை வெளுக்கவைக்கும்.
இருட்டு தண்டை இளைக்கவைக்கும்.
ஆகவே ஒரு முழம் உள்ளே தள்ளி
மைக்ரோவேவ் மேல் வைத்தேன்.
விரல் விட்டுப் பார்த்து
இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால்
அரைத் தம்ளர், அடியில்.
தலைமேல் ஊற்றக் கூடாது.
ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டு தங்கினால்
அழுகல் அங்கிருந்துதான் புறப்படும்.

இதையெல்லாம் படிக்க எனக்கு நேரம் இருந்தது.
ஆகஸ்டில் எங்கள் கம்பெனி
நூற்றுப் பதினோரு பேரை
ஒரே வீடியோ அழைப்பில் அனுப்பிவைத்தது.
நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.
என் மைக் அணைந்திருந்தது.

அந்தச் சிவப்பு, பூ இல்லை.
பச்சையம் இல்லாமல் பிறந்த கள்ளி.
தனியாக விட்டிருந்தால்
முளைத்த சில வாரத்தில் முடிந்திருக்கும்.
யாரோ பிளேடால் சீவி
டிராகன் பழக் கொடியின் வெட்டுவாயில் உட்காரவைத்து
ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறார்கள்.
நடுவும் நடுவும் பொருந்த வேண்டியதில்லையாம்.
உள்ளே ஓடும் இரண்டு வளையங்கள்
எங்கேனும் ஓரிடத்தில் குறுக்கிட்டால் போதுமாம்.
அதன்பின் கீழே இருப்பது வெயிலைச் சமைக்கும்.
மேலே இருப்பது சாப்பிட்டுவிட்டு
அழகாக இருக்கும்.

நான் அழகாகவும் இல்லை.

தண்டின் விலாவில் அவ்வப்போது பச்சை முளை விடும்.
உடனே கிள்ள வேண்டும்,
இல்லாவிட்டால் தலை சுருங்கிப்போகும்.
கிள்ளினேன்.
நாலாவதைக் கிள்ளும்போது
லேப்டாப்பில் இருந்து நிமிராமல் கேட்டாள்:
"கீழ இருக்கிற செடிக்குப் பூவே வராதா?"
வரும், ஒரு சாண் அகலத்துக்கு, வெள்ளையாய்,
ராத்திரியில் மட்டும்.
இப்படி வைத்திருந்தால் வராது.
"ஓ" என்றாள்.
மூன்றாவது விசில் வந்தது.
எழுந்துபோய் குக்கரை அணைத்தேன்.

அந்த முளையை எறியவில்லை.
செய்தித்தாளில் ஒரு வாரம் காயவைத்து
மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளியில் நட்டேன்.
அவளிடம் சொல்லவில்லை.
வீட்டுக்காரர் முனிராஜு மட்டும் பார்த்துவிட்டு
"ஏன் சார் இது?" என்றார்.
கன்னடத்தில் அது 'என்ன'.
என் காதில் 'ஏன்' என்றே விழுந்தது.
இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.
இது பூக்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.
சாய்ந்துகொள்ள ஒரு துடைப்பக்குச்சி கொடுத்தேன்.

நேற்று வொயிட்ஃபீல்டில் மூன்றாவது சுற்று.
போக இரண்டு மணி நேரம்,
உள்ளே இருபது நிமிடம்.
இடைவெளி ஏன் என்று கேட்டார்கள்.
தோட்டவேலை என்று வாய்வரை வந்தது.

திரும்பியதும் நேராக மாடி ஏறினேன்.
ஊரில் மழை இல்லை. வாளி மண் நனைந்திருந்தது.
துடைப்பக்குச்சியோடு முளையைச் சேர்த்து
அவளுடைய தலைமுடி ரப்பர், ஊதா நிறம்,
இறுக்காமல் இரண்டு சுற்று.

கீழே அவள் அழைப்பில் இருந்தாள்,
கையைக் காட்டி 'ரெண்டு நிமிஷம்' என்றாள்.
மைக்ரோவேவ் மேல் சிவப்புத் தலை
சொட்டச் சொட்ட நின்றது.
நான் இல்லாத நாளில் குளிப்பாட்டியிருக்கிறாள்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்துவந்து
சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே
அந்த மெல்லிய கோட்டைச் சுற்றி
ஒற்றி ஒற்றி எடுக்கிறேன்.
முள் இரண்டு இடத்தில் குத்தியது.
அழைப்பை முடித்துவிட்டு வந்து
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"தப்பா ஊத்திட்டேனா?" என்கிறாள்.