நாற்பத்தேழாம் பக்கம்

புவெர்த்தோ மோன்ட்டில் மழை
கண்ணாடிக்கு அப்புறம் நின்று
கூட்டம் முடியக் காத்திருந்தது.
ஆறாம் மாடி. இயக்குநர்கள் ஒன்பது பேர்.
அச்சுச் சூடு ஆறாத ஐந்தாண்டுத் திட்டம்.

முதல் பக்கத்தில் சந்தை.
ஒன்பதாம் பக்கத்தில் தீவனச் செலவு.
இருபதில் ஜப்பான், பிறகு பிரேசில்.
நாற்பத்தேழில், பின்னட்டைக்குச் சற்று முன்னால்,
‘நம் மக்கள், நம் கடல்’:
தீவுப் பள்ளிக்குக் கொடுத்த பதினொரு பந்துகள்,
மரக்கன்றோடு சிரிக்கும் மேலாளர்,
எங்கள் கடலில் எவரும் பார்த்திராத ஒரு நீலம்.
அந்தப் பக்கத்துக்குக் கணக்கு எழுதியது நான்.
விளம்பரச் செலவில் எழுதினேன்.

ரெமிஹியோ சிகுவாய் போன மாதம்
என் மேசைக்கு வந்தார், ஒரு கையெழுத்துக்காக.
இடது கால் அவருக்குப் பின்னால் வந்தது.
கூண்டின் அடிவலையில் செத்த சால்மன் பொறுக்குவது வேலை.
முப்பத்தைந்து மீட்டர். நாளுக்கு நான்கு முறை.
இரண்டு முறை என்பது விதி;
நான்கு என்பது இலக்கு.
ஒரு நாள் மேலே வரும்போது ரத்தம்
திறந்த சோடாப் புட்டியாகிவிட்டது.

கீழே எப்படி இருக்கும் என்று கேட்டேன்,
கேட்க வேறொன்றும் தெரியாததால்.
என் காப்பிக் கோப்பையைச் சாய்த்து
அடியில் தங்கிய வண்டலைக் காட்டினார்.
“இப்படி. ஆனால் முழங்கை ஆழம்.
நண்டுகூட இல்லை.”

அன்றிரவு நான் புரட்சி எதுவும் செய்யவில்லை.
நாற்பத்தேழைப் பிய்த்து
ஒன்பதில் ஒட்டினேன், அவ்வளவுதான்.
தீவனச் செலவுக்குக் கீழே
அடிநீரின் ஆக்சிஜன்.
அதற்குக் கீழே முக்குளிப்பு எண்ணிக்கை.
கரை ஒதுங்கிய நுரை மிதவைகள்,
ஒவ்வொன்றும் இத்தனை பெசோ.
கடைசி வரியில்,
இவை சரிந்தால் சரியும்படி,
ஒன்பது பேரின் போனஸ்.

“நாம் தொண்டு நிறுவனமா?” என்றார் இராராசவால்.
நான்கு கோடைக்கு முன்
பாசி பூத்து, மூச்சடைத்து,
மூன்றாம் தளம் ஒரே வாரத்தில் மிதந்ததே,
அந்த நாற்றத்தை எந்தத் தலைப்பில் எழுதினோம்?
‘எதிர்பாராத இழப்பு’ என்று எழுதினோம்.
ரெமிஹியோ எதிர்பார்த்திருந்தார்.
அவரை யாரும் கேட்கவில்லை.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாதாம்.
கடல் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால்
நமக்கு அந்த உழக்குதான் ஏது?

இதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

ஐந்துக்கு நான்கு.
உயர்ந்த ஐந்து கைகளில் இரண்டு
வங்கி அரை விழுக்காடு வட்டி குறைக்கும் என்பதற்காக.
கை எதற்கு உயர்ந்தது என்று
கணக்கர் கேட்பதில்லை.
எண்ணிக் குறித்துக்கொள்வதோடு சரி.

ஏழு தளங்களில் இரண்டைத் தரிசு போட்டோம்.
கடலையும் தரிசு போடலாம்;
ஆனால் வேலி கிடையாது, பலகை கிடையாது,
மழை மட்டும் வந்து வந்து பார்க்கும்.

வலை தைக்கும் ஒர்தென்சியா நவெல்கீன்
படகுத்துறையில் என்னை நிறுத்தினாள்.
“கடல் ஓய்வெடுக்கட்டும், நல்லது.
அது ஓய்வெடுக்கும் மாதங்களில்
என் வீட்டு அடுப்பும் ஓய்வெடுக்க வேண்டுமா?”
அந்த வரி என் தாளில் இல்லை.
கடலை எழுதியவள்
கரையை விட்டுவிட்டேன்.
திரும்பிப் போய்ச் சேர்த்தேன்: வரிசை முப்பத்தொன்று.
லாபம் இன்னொரு விரற்கடை இறங்கியது.
இராராசவால் அன்று முதல் என் வணக்கத்துக்குத்
தலையை மட்டும் அசைக்கிறார்.

பதினான்காம் மாதம்
அடிச்சேற்றை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.
கறுப்பு. அதே அழுகிய முட்டை வாடை.
வாளியின் ஓரத்தில் ஒன்று நெளிந்தது,
நூலளவு, செம்பழுப்பு.
ஆய்வகத்துப் பையன் லத்தீனில் ஏதோ சொன்னான்.
ரெமிஹியோ குனிய முடியாமல் குனிந்து பார்த்தார்.

“புழு” என்றார்.

நான் பேனாவைத் திறந்துகொண்டு நிற்கிறேன்,
எந்த நிரல் என்று தெரியாமல்.