ஏகாம்பரத்துக்கு ஐந்து வாரம்

ஆரஞ்சு நிறமென்றால் ஆண்பூனைதான்
என்று எங்களுக்கு யார் சொன்னதோ.
கப்பல் பட்டறையில் தன்னைப் படுத்திவைத்த
மேலாளர் பெயரை இவர்தான் வைத்தார்.
"ஏகாம்பரம், எழுந்திரு. ஏகாம்பரம், தள்ளிப் படு."
முப்பது வருட வஞ்சத்தை
மூன்று கிலோப் பூனையிடம் தீர்த்துக்கொண்டார்.

போன வாரம்தான் கவனித்தேன்.
மீன் டின் திறக்கும் சத்தத்துக்குக்
கட்டிலடியிலிருந்து பறந்து வருகிறவன்
முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான்.
காலையில் நுரையாக வாந்தி.
மறுநாள் இரண்டு பங்கு கேட்டான்.
மல்லாந்தபோது வயிற்று முடிக்குள்
ரோஜா நிறத்தில் வீங்கிய சின்னக் காம்புகள்.
கொசுக்கடி என்று
களிம்பு தேடினேன் நான்.

ஒண்டே ஒண்டே தட்டோடு வந்த
பக்கத்து வீட்டு ரொஹானி
ஒரு பார்வைதான் பார்த்தாள்.
"புந்திங்" என்றாள். சினையாம்.
"ஆண்பூனைக்கா?"
வாலைத் தூக்கிக் காட்டினாள்.
நாங்கள் இரண்டு வருடம் பார்க்காததை.
வயிற்றை அழுத்திப் பார்க்கப் போன என் கையைத்
தட்டிவிட்டாள்.

மருத்துவர் கோவின் திரையில்
விடாத மழை.
அதற்குள் துடித்தன
ஒன்று, இரண்டு,
இதோ ஒன்று, விலாவுக்குக் கீழே இன்னொன்று.
"ஐந்து வாரம்" என்றார்.
"ஒருநாள் முன்னே பின்னே."

ஈசூன் திரும்பும் வாடகைக் காரில்
கூடையை மடியில் வைத்துக்கொண்டு
பின்னோக்கி எண்ணினேன்.
இவர் வீடு திரும்பிய செவ்வாய்.
சக்கர நாற்காலிக்கு அளவெடுத்த செவ்வாய்.
மூக்குக் குழாயை எடுத்த நாள்.
அதற்கும் முன்னால், தொடர்ந்து மூன்று இரவு
தரையில் புரண்டு புரண்டு கத்தினான்,
கத்தினாள்.
"மேலாளர் பாட்டு பழகுகிறார்" என்றார் இவர்.
முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது.
பிறகு இரண்டு நாற்பது. ஆம்புலன்ஸ்.
எங்கள் புளோக்கின் பழைய மின்தூக்கிக்குள்
படுக்கையை நிமிர்த்தித்தான் நுழைத்தார்கள்.
இரும்புக் கதவைச் சாத்தினேனா?

விடிந்து வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
எதுவும் திருட்டுப் போகவில்லை.
கால்மிதியில் உட்கார்ந்து
முதுகில் ஒட்டிய புல்விதைகளை
நக்கிக்கொண்டிருந்தது பூனை.
எட்டு மாடி இறங்கி, எட்டு மாடி ஏறி.
எங்கே போனாய் என்று
கேட்கிற நிலையில் நான் இல்லை.

இவரிடம் சொன்னேன்.
வலது கை இன்னும் வரவில்லை,
வாய் பாதி வந்திருக்கிறது.
"ஏகம்..." என்றார். "ஏகம்..."
"ஏகமில்லை, நாலு" என்றேன்.
சிரிப்பு இடது பக்கம் மட்டும் ஏறியது.

இப்போது அவள் இடம்
அலமாரியின் கீழ் இழுப்பறை,
இவருடைய சாம்பல் நிறச் சீருடைகள் மேல்.
இரண்டு முறை தூக்கிப் போட்டேன்.
இரண்டு முறையும் ஏறிப் படுத்தாள்,
காலரை முன்னங்காலால் பிசைந்து பிசைந்து.
நாள்காட்டியில் நான்கு வாரம் தள்ளி
வட்டம் போட்டிருக்கிறேன்.

நேற்று இவர்
நாற்காலியை உருட்டி வந்து நின்றார்.
இடது கையை நீட்டி
மேலே கிடந்த சட்டைப் பையைத் தடவினார்,
என்னைப் பார்த்தார், மறுபடி தடவினார்.
குனிந்து பார்த்தேன்.
தணிகாசலம் என்று எழுதிய பெயர் வில்லை,
ஊக்கு திறந்தபடி.

"குத்தும்" என்றார்.
பிசிறில்லாமல்.