அறுபதாம் நாள் பனியன்

மணிக்கு ஆயிரத்து இருநூறு, டீசல் என்னுடையது.
பேளூரிலிருந்து சிங்கிபுரம் வரை
என் ரொட்டவேட்டர் புரட்டாத காடு
மாதேஸ்வரியின் ஒன்றே முக்கால் ஏக்கர் மட்டும்.
மூன்று வருஷமாகக் கூப்பிடவில்லை.
பணமுடையோ என்று கேட்டேன்.
"உழுவதில்லை, சேட்டு" என்றாள்,
கறிமீன் விட்டவள் சொல்வது போல.

முதல் வருஷம் எனக்குச் சிரிப்புதான்.
உழாத காட்டில் மக்காச்சோளம்,
அறுத்த தட்டைக்குள்ளேயே மறுபடி மக்காச்சோளம்.
குருத்துக்குள் படைப்புழு குடும்பத்தோடு இருந்தது.
ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப் போகும்போதெல்லாம்
வேலியோரம் ஹாரன் அடித்துவிட்டுப் போவேன்.

கலப்பைக்குத் திரும்பவில்லை அவள். பயிரை மாற்றினாள்.
சோளத்துக்குப் பின்னால் தட்டைப்பயறு,
எள்,
பனியை நம்பிக் கொஞ்சம் கொள்ளு.
ஒருமுறை கடுகு போட்டாள்.
அடுத்து வந்த சோளத்தின் இலை ஊதா நிறமாகிவிட்டது.
"கடுகு வேர் பூஞ்சையை உள்ளே சேர்க்காதாம்,
பட்டினி கிடந்து காலி செய்துவிட்டுப் போய்விட்டது" என்றாள்,
வாடகைக்கு இருந்தவர்களைப் பற்றிப் பேசுவது போல.
"உழாமல் விட்டால் வீடு இடியாது, சேட்டு.
ஆனால் தினம் ஒரே சோறு என்றால்
ஒரே கூட்டம்தானே தங்கும்?"

கண்ணில் காட்டு, நம்புகிறேன் என்றேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்
வாழப்பாடிச் சந்தையில் இரண்டு பனியன் வாங்கி வந்தாள்.
சுத்தப் பருத்தி. என் அளவு.
ஒன்று அவள் காட்டில், ஒரு சாண் ஆழத்தில்.
இன்னொன்று என் காட்டில்:
பத்து வருஷமாய் மரவள்ளி, மரவள்ளி, மரவள்ளி.
உழுது உழுது மாவாகிப் போன மண்.
அடையாளத்துக்கு ஒரு குச்சி. நாய்க்காக ஒரு கல்.

சேர்வராயன் மலைப் பக்கம் இருட்டி
நான்கு மழை பெய்தது.

அறுபதாம் நாள், முதலில் என்னுடையது.
கை இருந்தது, கழுத்து இருந்தது,
கம்பெனிச் சீட்டில் தொண்ணூறு என்று படிக்க முடிந்தது.
உதறிக் காட்டி,
"பார், சேதாரமே இல்லை" என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அவள் காட்டில் மண்வெட்டி வேண்டாம் என்றாள்.
மக்கிய தட்டையைக் கையால் ஒதுக்கினாள்.
மண் குருணை குருணையாய் உதிர்ந்தது,
நடுவே சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள்.
பனியன் இல்லை.
பாலியஸ்டர் தையல் மட்டும்
ஒரு கழுத்து வளைவு, இரண்டு கை வளைவு,
செத்த ஆளைச் சுற்றிப் போலீஸ்காரர் போடும் கோடு மாதிரி.
தூக்கினாள், கோடு கலைந்தது.
ஒரு மண்புழு நேரமாயிற்று என்பது போல
உள்ளே இறங்கிப் போனது.

யார் தின்றது?
"பேர் தெரியாது. ஒரு பிடிக்கு எத்தனை பேர் என்றும் தெரியாது.
மூன்று வருஷமாய்ச் சமைத்துப் போடுகிறேன்,
ஒருத்தர் முகமும் பார்த்ததில்லை."

மரவள்ளிக்கு மட்டும் அவளுக்கு வழி பிடிபடவில்லை.
கிழங்கைப் பிடுங்கினால் அதுவே ஓர் உழவு.
ஆலைக்காரர் முன்பணத்தோடு வந்து போன ராத்திரி
நோட்டைத் திறந்து வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம்.
அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்.
டிராக்டருக்கு இன்னும் பதினொரு தவணை.

என் பனியனைத் துவைத்துக் காயப்போட்டேன்.
மறுநாள் முத்தம்பட்டியில் ஐந்து ஏக்கர்.
போட்டுக்கொண்டு போனேன்.
டீக்கடையில் "புதுசா?" என்று கேட்டார்கள்.
ஆமாம் என்றேன்.
ரொட்டவேட்டரை இறக்கியதும்
மண் புகையாய்க் கிளம்பி,
ஒரு நூல்கூடப் பிரியாத அந்தத் துணியில்
மெல்ல வந்து உட்கார்ந்தது.