ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு

இரவு மூன்று நாற்பதுக்கு
எங்கோ ஒரு சர்வர்
என் பொதியைப் பிரித்துப் போட்டு
முதலிலிருந்து கட்டிப் பார்க்கும்.
கூலி கேட்காது. விடுப்பும் கேட்காது.

ஃபஹாஹீல், ஏழாம் மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் வாளி.
பகலில் கிளினிக் பதிவேடு என் பொறுப்பு:
மயங்கி வந்தவர் எத்தனை பேர், எந்த மணி,
அப்போது வெயில் எவ்வளவு.
அதைக் கணக்குப் பார்க்கத்தான் இந்தப் பொதி.
இதுவரை பதினோரு பேர் இறக்கியிருக்கிறார்கள்,
அதில் மூன்று முறை நானே.

ஜூலைத் தரவைச் சேர்த்த மறுநாள்
திரை முழுக்கச் சிவப்பு.
"பதினான்காம் சோதனை தோல்வி.
51.2 நம்பத்தக்க வெப்பநிலை அல்ல."

ஐம்பதைத் தாண்டினால் தட்டச்சுப் பிழை என்று
விதி எழுதியவன் மத்தியாஸ்.
உருகுவேக்காரன். முகம் தெரியாது.
அவன் ஊரில் இப்போது குளிர்.

எழுதினேன்: பிழை இல்லை.
வரிசை 212. மதியம் பன்னிரண்டு நாற்பது.
நிழலில் தொங்கிய வெப்பமானி.
பெயரைச் சேர்ப்பதில்லை, அது ஒழுங்கு.
பெயர் எனக்குத் தெரியும்.
கம்பெனித் தாளில் அன்று 49 என்றிருப்பதும் தெரியும்.

ஒற்றை வரித் திருத்தம் அனுப்பினான்:
உச்ச வரம்பு அறுபது.
குறிப்பில் "மன்னிக்கவும்" மட்டும்.

அறுபது எனக்கு அதிகமாகப் பட்டது.
ஐம்பத்தைந்து என்று மாற்றினேன்.
வாளியைக் கொட்டிவிட்டு வந்து
மறுபடி அறுபதே போட்டேன்.

மூன்று நாற்பது.
லினக்ஸ், மேக், விண்டோஸ்.
மூன்றும் நம்பிவிட்டன.