ஊசியில்லாத ஊசிக்குழல்

அராலியிடம் விரல் காட்டச் சொன்னேன்.
ஒரு விரல் என்றால் லேசு. ஐந்தும் விரிந்தால் தாங்காது.
ஐந்தையும் விரித்தார்.
பிறகு மனைவியின் கையை இழுத்து
அதையும் விரித்து வைத்தார்.

புற்று முதுகெலும்புக்கு ஏறி ஆறு வாரம்.
போன புதன் நான் தந்த மார்ஃபின்
பாய்க்கு அடியில், கழுத்துவரை அப்படியே,
பச்சைத் தண்ணீராக.
"நிஜமான வலி வரும்போது குடிக்கலாமென்று..."

நிஜமான வலி!
வெளியே ருவென்சோரி மலை
மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.
வந்த கோபத்தைத் தலைக்கவசத்துக்குள் போட்டுவிட்டுத்
தரையில் உட்கார்ந்தேன்.

வலி கூப்பிட்ட பிறகு போகக்கூடாது, அராலி.
அது வருமுன்னே நாம் வாசலில் நிற்கவேண்டும்.
வீட்டில் கடிகாரம் கிடையாது. அதனால்
சேவலுக்கு ஒரு வேளை,
பள்ளி மணிக்கு ஒன்று,
தேயிலை ஆலைச் சங்குக்கு ஒன்று,
வானொலிச் செய்திக்கு ஒன்று,
படுக்கும்போது இரண்டு பங்கு,
இரவு யாரும் எழவேண்டாம்.
மலம் இறுகும்; பப்பாளி விதையை
உலர்த்தி இடித்துக் கொடு, அத்யேரி.

ஊசியில்லாத குழலில் உறிஞ்சி
கன்னத்துக்குள் மெல்ல விட்டேன்.
கசப்பு. என்னைத்தான் முறைத்தார்.

வெள்ளிக்கிழமை
வாழைத்தோட்டம் தாண்டிக் கூச்சல் கேட்டது.
பைக்கை நிறுத்துமுன்பே வயிறு கலங்கியது.
உள்ளே, சுவரில் சாய்ந்தபடி
தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார்:
அந்த விலைக்கா விற்றாய், முட்டாளே,
அது சினைக் கிடாரியடா!

கிடாரி போய் ஒரு மாதம் ஆகிறது.
அந்தக் கோபத்துக்கு இத்தனை நாள்
உடம்பில் இடமில்லை.

விரல் காட்டச் சொன்னேன்.
"கொஞ்சம் பொறு," என்றார்,
"இவனை முடித்துவிட்டு வருகிறேன்."