செரெந்தாக்

சாட்சி சொல்வதற்காக
மூன்று வாரம் மனப்பாடம் செய்திருந்தேன், மலாயில்.
மணி அதிகாலை மூன்று பத்து.
கல்லாவில் இருநூற்று நாற்பது வெள்ளி.
பாராங் கத்தியை முதலில் பார்த்தது நானில்லை,
காவலுக்கு நின்ற தில் பகதூர்.
பெட்ரோல் ஸ்டேஷன் கண்ணாடிக் கதவை
அவன்தான் முழங்கை கொடுத்து அடைத்தான்.

ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.
குற்றக் கூண்டில் கோகுலன்
'மெங்காக்கு சாலா' என்றான்.
நான் பேச வேண்டிய நாளை
ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு
உட்கார்ந்துகொண்டான்.

என் கைக்கு எட்டு வருஷம்.
பகதூர் கைக்கு ஆறு.
ஒன்று முடிந்த பின் மற்றது.
பிரம்படி ஆறு.
பகாவ் பசாரில் மீன் வெட்டுகிறவர்
கத்தியை நிறுத்திக் கூட்டிச் சொன்னார்:
'பதினாலு.'

இன்று சிரம்பானில் மேல்முறையீடு.
என்னை யாரும் அழைக்கவில்லை,
லீவு போட்டுப் போனேன்.
வக்கீல் அடுக்கினார்:
வயது இருபத்திரண்டு,
முதல் குற்றம்,
ஒப்புக்கொண்டதால்
நீதிமன்றத்தின் நேரத்தை மிச்சப்படுத்தியவர்.

மிச்சப்பட்ட அந்த நேரத்தை
எங்கே வைத்திருக்கிறார்கள்?
அதில் எனக்கு ஒரு காலைப்பொழுது வரவேண்டும்.

தோட்டப் பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே அவன்.
பால் பாக்கெட் வரிசையில் தள்ளுவான்,
திட்டினால் சிரிப்பான்.
இன்று திரும்பவே இல்லை.
பிடரியில் சதை போட்டிருந்தது.

நீதிபதி வாசித்தார்.
ஒரே இரவு, ஒரே கதவு, ஒரே சம்பவம்.
ஆகவே இரண்டு தண்டனையும் செரெந்தாக்,
கைதான நாளிலிருந்து.
பிரம்படியில் மாற்றமில்லை.

திரும்பும் பஸ்ஸில்
பின் இருக்கையில் அவன் அம்மா.
கோலப்பிலா தாண்டும்வரை
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம்.
பிறகு என் இருக்கையின் முதுகைத் தட்டினார்.
'ஏம்மா, கடைசில சொன்னாங்களே, செரெந்தாக்,
அது கூடிருச்சா, கொறஞ்சிருச்சா?'
வக்கீல் அடுத்த கேஸுக்கு ஓடிவிட்டாராம்.
தோட்டத்து மலாய்
உரத்துக்கும் எடைக்கும் போதும்,
இதற்குப் போதவில்லை.
பிரம்படியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அந்தச் சொல் தெரிந்திருக்கிறது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
இடது கையைத் தூக்கி எண்ணிக் காட்டினேன்.
மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது,
என் கணக்கில் எப்போதும்
இரண்டு அதிகமாகவே நிற்கும்.
'ரெண்டும் ஒண்ணா ஓடும்மா.
எட்டு ஓடறப்பவே ஆறும்
உள்ளுக்குள்ள ஓடி முடிஞ்சிரும்.
எட்டுதான்.'

அழுவார் என்று நினைத்தேன்.
கும்பிட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.
நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரலையும்
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:
'அப்ப அந்த நேப்பாளிப் பையன் கைக்கு?'

பகதூர் போன வருஷமே விமானம் ஏறிவிட்டான்.
ஒரு முறை வீடியோவில் அழைத்தான்.
பின்னால் மலைச்சரிவு, ஒரு ஆடு.
ஒரு கையில் போன்,
மற்றது கடைசிவரை சட்டைப் பையை விட்டு வரவில்லை.
எங்களுக்குள் இருந்தது கொஞ்சம் மலாய்,
மிச்சம் சிரிப்பு.
அவனுடைய ஆறு வருஷம்
என் எட்டுக்குள் போய்விட்டதை
எதைக் கொண்டு சொல்வது?

வலி ஒன்றாக ஓடுவதில்லை அம்மா,
அவனுக்குக் குளிரில் வரும்,
எனக்கு மழைக்கு முன்னால்,
என்று சொல்ல வாயெடுத்தபோது
பஸ் நின்றது.
முன்னால் போன லாரியிலிருந்து
செம்பனைக் குலை ஒன்று விழுந்து
நடுரோட்டில் கிடந்தது.
டிரைவர் இறங்கிக் காலால் உருட்டி
ஓரம் தள்ளிவிட்டு வந்தார்.
சப்பாத்தை மட்டும் இரண்டு முறை தரையில் தேய்த்தார்.

பகாவில் இறங்கினோம்.
அவர் பை கனமாகத் தெரிந்தது.
நான் கேட்கவில்லை, அவரும் நீட்டவில்லை.

பதினொன்றுக்கு எனக்கு ஷிப்ட்.
கதவுக்கு இப்போது பொத்தான் வைத்திருக்கிறார்கள்,
உள்ளிருந்து நான் அழுத்தினால்தான் திறக்கும்.